மண் கடையில் கிடைத்த கண்ணாடி

சூளைத் தட்டில் பூசுகிற அலுமினா ஹைட்ரேட் பொடி இரண்டு கிலோ வாங்கத்தான் போனேன். காலை பஸ்ஸில் சென்னையிலிருந்து புதுச்சேரி, சாமானை வாங்கிக்கொண்டு மத்தியானச் சாப்பாட்டுக்கு முன்னால் கிளம்பிவிடலாம் என்று கணக்கு. மண்பாண்டம் செய்கிறவர்களுக்கான அந்தச் சாமான் கடையை விட்டு வெளியே வந்தபோது மணி நாலரை. பையில் அலுமினாவோடு ஒரு ரப்பர் பல்பு, ஒரு பொட்டலம் சி.எம்.சி. என்ற பசைப்பொடி, பூச்சில்லாமல் ஒருமுறை சுட்ட மண்கிண்ணம் ஒன்று. அன்றைக்கு அந்தக் கடையில் பார்த்ததை வைத்துத்தான் இந்த எட்டு மாதமும் என் வேலை நடக்கிறது.

நான் செய்வது கண்ணாடி வேலை. குழாயில் ஊதிச் செய்வதில்லை. தட்டைக் கண்ணாடியை வெட்டி அடுக்கி, மின்சாரச் சூளைக்குள் வைத்து உருக்கி ஒன்றாக்குவது. ஃப்யூஸிங் என்பார்கள். ஒன்றான தகட்டை மறுபடி சூடாக்கி ஓர் அச்சுக்குள் தொய்யவிட்டால் கிண்ணமோ தட்டோ கிடைக்கும், அது ஸ்லம்பிங். இதற்கென்றே தயாரித்த வண்ணக் கண்ணாடி வெளிநாட்டிலிருந்து வரவேண்டும், எனக்கு விலை கட்டுப்படியாகாது. அதனால் என் வேலை பெரும்பாலும் ஜன்னலுக்குப் போடுகிற ஃப்ளோட் கண்ணாடியில்தான். கண்ணாடிக் கடைகளில் வெட்டி மிஞ்சிய 4 மி.மீ. துண்டுகளை வாங்கிவந்து மாடியில் அடுக்கிவைத்திருக்கிறேன். விளிம்பைப் பார்த்தால் பச்சையாகத் தெரியுமே, அதே கண்ணாடி.

போன வருஷம் முழுக்க எனக்குக் கை ஓடவில்லை. எதைச் செய்தாலும் எங்கோ பார்த்ததுபோல இருந்தது. ராத்திரி தூங்கும்வரை மற்றவர்களின் கண்ணாடி வேலைகளைப் போனில் பார்த்துக்கொண்டே இருப்பேன்; காலையில் மாடிக்குப் போனால் கை அவற்றைத்தான் செய்யும். அலை மடிப்புத் தட்டு, கடல் நீலக் கிண்ணம், இலை வைத்து உருக்கிய பலகை. விற்கவும் செய்தன. விற்றுப் போனதில் ஒன்றைக்கூட நான் திரும்ப நினைத்துப் பார்த்ததில்லை.

சரி, அலுமினா விஷயத்துக்கு வருகிறேன். சூளைத் தட்டின் மேல் கண்ணாடியை அப்படியே வைத்து உருக்கினால் இரண்டும் ஒட்டிக்கொள்ளும், பிரிக்கவே முடியாது. அதனால் தட்டுக்கு ஒரு பூச்சு வேண்டும். அலுமினா ஹைட்ரேட் பாதி, சைனா களிமண் பாதி, தண்ணீரில் மோர்ப் பதத்துக்குக் கரைத்து மெல்லிய பிரஷ்ஷால் நாலைந்து கோட். கண்ணாடிக்காரர்கள் இதை டப்பாவில் அடைத்ததாகத் தனிப்பெயரில் வாங்குகிறோம். மண்பாண்டக்காரர்கள் மூட்டையிலிருந்து அள்ளிக் கலக்கிக்கொள்கிறார்கள்.

புதுச்சேரியில் இந்த மாதிரிக் கடை இருப்பதற்குக் காரணம் உண்டு. 1971-ல் ரே மீக்கரும் டெபோரா ஸ்மித்தும் அங்கே கோல்டன் பிரிட்ஜ் பாட்டரி என்ற மண்பாண்டப் பட்டறையைத் தொடங்கினார்கள். அவர்களிடம் கற்றுக்கொண்டவர்கள் பலர் புதுச்சேரியிலும் ஆரோவில்லைச் சுற்றியும் சொந்தச் சூளை போட்டார்கள். இத்தனை சூளை இருந்தால் களிமண்ணும் ஃபெல்ஸ்பார் என்ற கல்பொடியும் நிறத்துக்கான ஆக்சைடும் விற்க ஆள் வேண்டும்தானே.

நான் போகும் கடையில் அலங்காரம் எதுவும் கிடையாது. ஷட்டரைத் தாண்டினதும் மூட்டைகள். குவார்ட்ஸ் பொடி, ஃபெல்ஸ்பார், சைனா களிமண், சுண்ணாம்புக்கல் தூள், எல்லாமே வெள்ளை. எழுதி ஒட்டின சீட்டு விழுந்துவிட்டால் எது எதுவென்று தெரியாது. கடைக்காரர் மட்டும் விரலிடுக்கில் தேய்த்துப் பார்த்துச் சொல்லிவிடுவார். உள்ளே ஒரு மர அலமாரியில் கோபால்ட், காப்பர் கார்பனேட், சிவப்பு அயர்ன் ஆக்சைடு, மாங்கனீஸ், டின் எல்லாம் பாட்டில் பாட்டிலாக. ஈரக் களிமண்ணின் வாசனை, முதல் மழைக்கு அப்புறம் வருவதைவிடக் கொஞ்சம் கனமாக, கடை முழுக்க.

அவர் என்னைவிட இருபது வயதாவது மூத்தவர். அண்ணா என்றுதான் கூப்பிடுவேன். எடை போடும்போது பேசமாட்டார். அன்றைக்கு எனக்கு முன்னால் ஒரு பையன் கிளேஸுக்கு, அதாவது பாண்டத்தின் மேல் பளபளக்கும் பூச்சுக்கு, வேண்டிய சாமான்களைச் சீட்டில் எழுதி நீட்டிக்கொண்டிருந்தான். ஃபெல்ஸ்பார் இத்தனை, குவார்ட்ஸ் இத்தனை, சுண்ணாம்புக்கல் இத்தனை, சைனா களிமண் இத்தனை. அவர் ஒவ்வொன்றாக நிறுத்துக் கொட்டுவதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். பாதி கண்ணாடியின் சீட்டு அது. ஜன்னல் கண்ணாடியிலும் முக்கால் பங்குக்குச் சற்றுக் குறைவாக, குவார்ட்ஸில் இருக்கும் இதே சிலிக்காதான்; அதை இளக்க சோடா, நிலைநிறுத்தச் சுண்ணாம்பு. சிலிக்கா தனியாக உருக 1,700 டிகிரி செல்சியஸுக்கு மேல் வேண்டும். அதைக் கீழே இறக்கிக்கொண்டு வருவதுதான் எங்கள் இரண்டு தொழிலுக்கும் பொதுவான பாடு.

வித்தியாசம் அந்தச் சைனா களிமண்ணில் இருக்கிறது. அதோடு அலுமினா உள்ளே போகிறது. அலுமினா கலந்த உருகல் கெட்டியாக நிற்கும். செங்குத்தான குடத்தின் மேல் பூசின கிளேஸ் வழிந்து ஓடிவிடாமல் பிடித்துக்கொண்டிருப்பது அதனால்தான். என் ஜன்னல் கண்ணாடியில் அலுமினா ஒரு சதவீதம் இருந்தால் அதிகம். கிளேஸ் என்பது மண்ணைப் பிடித்துக்கொண்டு நிற்கக் கற்றுக்கொண்ட கண்ணாடி. இத்தனை வருஷம் சூளை வைத்திருக்கிறேன், இதை அன்றைக்கு அந்தத் தராசுக்குப் பக்கத்தில் நின்றபோதுதான் உணர்ந்தேன்.

பையன் போனதும் என் முறை. அலுமினாவை அவர் உள்ளேயிருந்து எடுத்துவரப் போன நேரத்தில் சுவரில் மாட்டியிருந்த சோதனை வில்லைகளைப் பார்த்தேன். தீப்பெட்டியளவு ஓடுகள், ஒவ்வொன்றிலும் ஒரு கிளேஸ், பின்பக்கம் பென்சிலில் எண். நூறு இருக்கும். நாலாவது வரிசையில் ஒன்று என்னை நிறுத்திவிட்டது. தேன் நிறப் பரப்பில் வெள்ளி விசிறிகள். ஒரு புள்ளியிலிருந்து கிளம்பி எல்லாப் பக்கமும் ஊசி ஊசியாக விரிந்து, ஒன்றின் விளிம்பு இன்னொன்றை முட்டும் இடத்தில் நேர்கோடாக நின்றுவிட்ட பூக்கள். சாய்த்துப் பார்த்தால் ஒவ்வொரு ஊசியும் தனித்தனியாக மின்னியது.

"அண்ணா, இது எப்படி வந்துது?"

"ஜிங்க் கிளேஸ்மா. நல்லா உருக்கிட்டு, கொஞ்சம் இறக்கி, அந்த இடத்துலயே மூணு நாலு மணி நேரம் பிடிச்சு வைக்கணும். அப்பத்தான் பூக்கும். சீக்கிரம் இறக்கிட்டா வெறும் கிளேஸ்தான் கிடைக்கும்."

எனக்கு ஒரு நிமிஷம் பேச்சு வரவில்லை. ஏனென்றால் அவர் சொன்னதுதான் நான் ஆறு வருஷமாகப் பயந்து ஓடிக்கொண்டிருந்த விஷயம்.

கண்ணாடிக்குள் அணுக்கள் வரிசையில் நிற்பதில்லை. உருகின நிலையில் தாறுமாறாக இருந்தது அப்படியே உறைந்துவிட்டதுதான் கண்ணாடி. இறங்கும் வழியில் ஒரு குறிப்பிட்ட சூட்டில் அதிக நேரம் வைத்துவிட்டால் அவை வரிசைக்கு வர ஆரம்பிக்கும். பரப்பில் படிகம் பிடிக்கும். எங்கள் பேச்சில் அது டீவிட். ஃப்ளோட் கண்ணாடியில் சுலபமாக வரும். சூளையைத் திறந்தால் பளபளவென்று இருக்கவேண்டிய தட்டின் மேல் ஆறின பாலில் ஆடை படிந்தமாதிரி ஒரு மங்கல். விரலால் தடவினால் மிக நைசான உப்புத்தாள்போலச் சொரசொரக்கும். சோப்புப் போட்டுத் தேய்த்தாலும் போகாது. அது வராமலிருக்க, ஏறத்தாழ 800 டிகிரியிலிருந்து 700 வரை உள்ள இடத்தை எவ்வளவு வேகமாகத் தாண்டமுடியுமோ அவ்வளவு வேகமாகத் தாண்டவேண்டும் என்பதுதான் எனக்குச் சொல்லிக்கொடுத்த முதல் விதி. வந்துவிட்ட தட்டுகளை மாடிப்படிக்குக் கீழே அட்டைப்பெட்டியில் போட்டு வைத்திருந்தேன்.

மண்பாண்டக்காரர் 1,260 டிகிரி வரை ஏற்றிவிட்டு, 1,080 பக்கம் இறக்கி, மணிக்கணக்கில் உட்கார்ந்து காத்திருப்பது இதற்காகத்தான். ஜிங்க்கும் சிலிக்காவும் சேர்ந்து வளரும் படிகம் அவர்களுடையது. ஜன்னல் கண்ணாடியில் வளர்வது வேறு. சோடா, சுண்ணாம்பு, சிலிக்கா சேர்ந்த ஒரு படிகத்துக்கு டெவிட்ரைட் என்றே பெயர் வைத்திருக்கிறார்கள். பொருள்தான் வேறு, நடப்பது ஒன்று. அதை அவர்கள் பூ என்கிறார்கள். நான் அழுக்கு என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

அதற்கப்புறம் அந்தக் கடையில் எதைப் பார்த்தாலும் கண்ணாடியாகவே தெரிந்தது. களிமண்ணைப் பிழியும் எந்திரத்தின் துளைத்தகடுகள், அச்சுருளைகள், கீறி எடுக்கும் கத்திகள், நூறு கண் சல்லடை. இவற்றில் எதுவும் என் தொழிலுக்கென்று செய்ததில்லை. அதனால் இதை வைத்து இதைச் செய் என்று எதுவும் எனக்குச் சொல்லவில்லை. கண்ணாடி வேலைக்கான சாமான் பட்டியலைப் பார்த்தால் ஒவ்வொரு அச்சுக்கும் பக்கத்தில் செய்து முடித்த தட்டின் படம் இருக்கும். பார்த்த உடனே அந்தத் தட்டு மனசில் உட்கார்ந்துவிடும். இங்கே படம் கிடையாது. கையில் எடுத்துத் திருப்பிப் பார்த்து, இது கண்ணாடிக்கு என்ன செய்யும் என்று நானேதான் கேட்டுக்கொள்ளவேண்டும்.

இப்படித்தான் அந்த ரப்பர் பல்பு கைக்கு வந்தது. எலுமிச்சம்பழ அளவு, முனையில் மெல்லிய பிளாஸ்டிக் மூக்கு. களிமண்ணைக் கூழாகக் கரைத்து உள்ளே ஊற்றி, இன்னும் சுடாத பச்சைப் பானையின் மேல் பிழிந்து கோடு போடுவார்கள். ஸ்லிப் ட்ரெய்லர் என்று பெயர். காலியாக இருந்ததை அழுத்தி அழுத்திப் பார்த்தேன். கட்டைவிரல் அழுத்த, மற்ற விரல்கள் தாங்க, மணிக்கட்டு மட்டும் நகர்கிறது. இந்தக் கையசைவை நான் எங்கே பார்த்திருக்கிறேன்?

அம்மா இழைக்கோலம் போடும்போது.

பச்சரிசியை ஊறவைத்து வெண்ணெயாக அரைத்துக் கரைத்துக்கொள்வாள். ஒரு சின்னப் பருத்தித் துணியை அதில் முக்கி நான்கு விரலுக்குள் அடக்கிக்கொண்டு, கட்டைவிரலால் மெதுவாக அழுத்துவாள். மாவு மோதிர விரல் வழியாக இறங்கி நுனியிலிருந்து இழையாகத் தரையைத் தொடும். போடும்போது சரியாகவே தெரியாது. ஈரத் தரையில் சாம்பல் நிறமாக ஒரு தடம், அவ்வளவுதான். அரைமணி நேரம் கழித்துப் போய்ப் பார்த்தால் வெள்ளைவெளேரென்று தரையிலிருந்து எழும்பி நிற்கும். சின்ன வயதில் அந்த அரைமணி நேரத்தைத் தாங்கமுடியாமல் கூடத்துக்கும் அடுக்களைக்கும் நடந்துகொண்டிருப்பேன்.

கண்ணாடியைப் பொடியாக்கி, மாவாகக் கரைத்து, கண்ணாடியின் மேலேயே இழை போட்டால்?

அண்ணாவிடம் கேட்டேன். "பொடி தண்ணியில நிக்காதும்மா, அடியில உக்காந்துடும். கொஞ்சம் சி.எம்.சி. போட்டுக்க" என்று ஒரு பொட்டலம் கட்டிக்கொடுத்தார். கிளேஸ் தண்ணீரில் பிரிந்து அடங்காமலிருக்கப் போடும் பசை அது. சூளையில் எரிந்து போய்விடும். அரிசி மாவுக்கு அம்மா இதெல்லாம் சேர்ப்பதில்லை.

வீட்டுக்கு வந்து அடுத்த நாளே ஆரம்பித்தேன். கண்ணாடித் துண்டுகளைச் சூளையில் நன்றாகச் சூடாக்கி ஒரு வாளித் தண்ணீரில் கொட்டினால் உள்ளுக்குள் ஆயிரம் விரிசல் விடும், பிறகு கையால் நொறுக்கலாம்போல ஆகிவிடும். அதை இரும்பு உரலில் இடித்து, காந்தத்தை நாலைந்து தடவை உள்ளே விட்டு இரும்புத் துகளை எடுத்துவிட்டு, நூறு கண் சல்லடையில் சலித்தேன். மூக்குக்கு நல்ல மாஸ்க் இல்லாமல் இதைச் செய்யவே கூடாது. கண்ணாடித் தூசி, குவார்ட்ஸ் தூசி எதுவும் நுரையீரலுக்குள் போகக்கூடாத சாமான்; அந்தக் கடையில் மூட்டை பிரிக்கும் பையன்களைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு இந்தக் கவலை உண்டு. சொல்லிக்கொண்டும் இருக்கிறேன்.

முதல் தடவை சி.எம்.சி.யை நேராகப் பொடியில் போட்டுவிட்டேன். கட்டி கட்டியாகி பல்பின் மூக்கு அடைத்துக்கொண்டது. அதை முதல் நாள் ராத்திரியே தண்ணீரில் தூவி ஊறவிட்டு, காலையில் வழவழவென்று ஆனதும் பொடியைச் சேர்க்கவேண்டும். இரண்டாவது தடவை இழை அழகாக வந்தது. சூளையில் 810 வரை கொண்டுபோனேன். கோலம் மொத்தமும் தகட்டுக்குள் அமுங்கி, உற்றுப் பார்த்தால் சிறு குமிழிகளாக ஒரு தடம் மட்டும் மிச்சம். மூன்றாவது தடவை 750-ல் நிறுத்தினேன். நிறுத்தினது மட்டுமில்லை, நாற்பது நிமிஷம் அங்கேயே பிடித்தேன். தாண்டி ஓடவேண்டும் என்று கற்றுக்கொண்ட அதே இடத்தில்.

மறுநாள் காலை சூளை மூடியைத் தூக்கினேன். தெளிந்த கண்ணாடியின் மேல் வெள்ளைக் கோலம் எழும்பி நின்றது. வெள்ளை நிறத்துக்கு நான் எதையும் சேர்க்கவில்லை. சர்க்கரையைப் பொடித்தால் வெளுப்பதுபோல, பொடித் துகள்களின் இடையில் காற்று நிற்பதால் பாதி வெள்ளை. மீதி வெள்ளை டீவிட். பொடிக்குப் பரப்பு அதிகம், படிகம் அங்கேதான் முதலில் பிடிக்கும். லென்ஸ் வைத்துப் பார்த்தேன். இழையின் ஓரம் உப்புக்கல் படிந்ததுபோல மணிமணியாக, வெளிச்சம் அதில் பட்டுச் சிதறிக்கொண்டிருந்தது. மாடிப்படிக்குக் கீழேயிருந்த அட்டைப்பெட்டியை அன்றைக்கே மேலே தூக்கிவந்து ஒவ்வொரு தட்டாக எடுத்துப் பார்த்தேன். ஒன்றில் மார்கழிப் பனி மூடிய ஏரி மாதிரி ஒரு மங்கல், ஓரம் மட்டும் தெளிவாக. நான்கு வருஷம் அது அங்கே கிடந்திருக்கிறது. இப்போது என் மேஜைக்கு எதிரே சுவரில் இருக்கிறது.

மண்கிண்ணத்தைப் பற்றியும் சொல்லவேண்டும், சுருக்கமாக. அதன் அடியில் சின்னத் துளை போட்டு, அலுமினாப் பூச்சு கொடுத்தால் ஸ்லம்பிங்குக்கு அருமையான அச்சு. உள்ளே மாட்டும் காற்று துளை வழியே வெளியேறும். கண்ணாடி இந்த மண்கிண்ணத்துக்கு உள்ளேதான் தொய்யவேண்டும். கவிழ்த்துப் போட்டு அதன் மேல் தொய்யவிட்டேன் ஒருமுறை. ஆறும்போது கண்ணாடி மண்ணைவிட அதிகம் சுருங்கும். கிண்ணத்தை இறுக்கிப் பிடித்துக்கொண்டு டப்பென்று பிளந்துவிட்டது. வெளிப்பக்கம் தொய்யவிட எவர்சில்வர்தான் சரி, அது கண்ணாடியைவிட அதிகமாகச் சுருங்கி விலகிக்கொள்ளும். ஆகவே நம் வீட்டு டம்ளரும் கிண்ணமும் பூச்சு கொடுத்தால் அச்சாகும்.

மண் தொழிலிலிருந்து கண்ணாடிக்கு வழி கிடைப்பது எனக்குத்தான் புதிது. தொழிற்சாலைக்கு வெளியே தனியாள் ஒருவர் சின்ன உலையில் கண்ணாடி ஊதலாம் என்று அமெரிக்காவில் காட்டியவர் ஹார்வி லிட்டில்டன். விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் மட்பாண்டக் கலை சொல்லிக்கொடுத்தவர். 1962-ல் டொலிடோ கலை அருங்காட்சியகத்தின் வளாகத்தில் பட்டறை நடத்தினார். வந்தவர்களிலும் பெரும்பாலானோர் மண்பாண்டக்காரர்களே. அவர் கொண்டுவந்த கலவை முதலில் சரியாக உருகவில்லை. டொமினிக் லபினோ என்ற கண்ணாடி ஆராய்ச்சியாளர், கண்ணாடி நார் தயாரிப்பதற்கான கோலிகளை உருக்கிப் பார்க்கச் சொன்ன பிறகுதான் வேலை நடந்தது. அதற்கும் முன்னால், 19-ஆம் நூற்றாண்டின் கடைசியில், பிரான்ஸில் ஹென்றி க்ரோஸ் என்ற சிற்பி கண்ணாடிப் பொடியைக் கூழாக்கி அச்சில் அடைத்துச் சுடும் பழைய முறையை மீட்டெடுத்தார். அவருக்கு இடம் கொடுத்தது செவ்ரு பீங்கான் ஆலை. கண்ணாடிக் கூழ்! என் ரப்பர் பல்புக்குள் இருப்பதும் அதுதான்.

இவ்வளவு தூரம் போகவும் வேண்டாம். புதுச்சேரி அருங்காட்சியகத்தில், பக்கத்துப் பழைய துறைமுகமான அரிக்கமேட்டில் தோண்டி எடுத்த மணிகளைப் பாருங்கள். கடுகளவு, மிளகளவுக் கண்ணாடி மணிகள். அதே அகழாய்வில் கிடைத்த பானை ஓடுகளும் அங்கே உண்டு. மணிகள், கண்ணாடியைக் குழாயாக நீட்டி இழுத்து, துண்டு துண்டாக நறுக்கிச் செய்தவை. இந்த வகை மணியை இன்றும் ஆந்திராவில் திருப்பதிப் பக்கம் பாப்பாநாயுடுபேட்டையில் செய்கிறார்கள். நறுக்கின துண்டின் கூர் மழுங்குவதற்காக மறுபடி சூடாக்கும்போது, ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளாமலிருக்கச் சாம்பலில் போட்டுப் புரட்டுவார்கள். நான் இரண்டு கிலோ அலுமினா வாங்கப் போனது எதற்கு? ஒட்டாமலிருக்கத்தானே.

இன்னும் வராதது காவிக்கரைதான். கோலத்தைச் சுற்றி அம்மா செம்மண்ணில் பட்டையாக ஒரு கரை இழுப்பாள். அது இல்லாமல் அவளுக்குக் கோலம் முடியாது. செம்மண்ணின் சிவப்பு இரும்பு. கடையிலிருக்கும் சிவப்பு அயர்ன் ஆக்சைடும் அதே இரும்பு. ஆனால் கண்ணாடிக்குள் கரைந்துவிட்டால் அது பச்சையாகிவிடுகிறது, ஜன்னல் கண்ணாடியின் விளிம்பு பச்சையாகத் தெரிவதும் அதனால்தான். கரையாமல் மேலேயே நிற்கவைக்க வேண்டும். பதினோரு துண்டு சோதனை செய்துவிட்டேன், பின்பக்கம் எண் எழுதி, அந்தக் கடைச் சுவரில் இருப்பதுபோலவே வரிசையாக மாட்டியிருக்கிறேன்.

750-ல் வந்த அந்த முதல் கோலத்தை அம்மாவிடம் கொண்டுபோய்க் காட்டினேன். கண்ணாடியை ஜன்னல் பக்கம் தூக்கிப் பிடித்து நெடுநேரம் பார்த்தாள். எட்டுப் புள்ளிக்கு இழை எங்கே திரும்பவேண்டுமோ அங்கே விரலை வைத்து, "இங்க கை தயங்கியிருக்கு பாரு, இழை தடிச்சிருக்கு" என்றாள். உண்மைதான், அந்த இடத்தில் பல்புக்குள் காற்று புகுந்து நின்றுவிட்டிருந்தேன். நிற்கவே கூடாது, மூச்சையும் நடுவில் விடக்கூடாது என்றாள்.

பல்பில் மாவு மிச்சம் இருந்தது. தரையில் பழைய தினத்தாளை விரித்து ஒரு கண்ணாடித் துண்டைப் போட்டுக் கொடுத்தேன். அம்மா சம்மணம் போட்டு உட்கார்ந்து, பல்பை உள்ளங்கையில் இரண்டு தடவை அழுத்திப் பார்த்துவிட்டு, ஒரே இழுப்பில் ஒரு தாமரையைப் போட்டு முடித்தாள். அப்புறம் அந்தப் பிளாஸ்டிக் மூக்கைத் துணியால் துடைத்துக்கொண்டே கேட்டாள்:

"இதைவிடச் சன்னமா மூக்கு கிடைக்குமா அந்தக் கடையில?"